புது விண்டோஸை மறுத்தவர்

காரைக்காலில் கணினிகளை விற்றுப் பழுதும் பார்க்கும் என் கடைக்கு ஒருநாள் ஓர் அம்மா வந்தார். கோட்டுச்சேரிக்காரர், ஒல்லியான உடம்பு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மூக்கு நுனியில் கண்ணாடி. பிரான்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதித் தருவது அவர் தொழில். திரையில் எது தோன்றினாலும் கடைசி வரி வரை படிக்காமல் ‘சரி’யை அழுத்த மாட்டார்.

முந்தைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுபோயிருந்தன; அவருடைய பழைய மடிக்கணினியிலோ புது விண்டோஸ் ஏறவில்லை.

“வேற வாங்கிடுங்கம்மா,” என்றேன்.

“இதுல என்ன கெட்டுப்போச்சு?”

“ஒண்ணும் கெடலை. புது விண்டோஸுக்கு இது பத்தாது, அவ்வளவுதான்.”

“நல்லா ஓடுற மெஷினைத் தூக்கிப் போடுன்னா நான் போட்டுடணுமா? விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்குதே லினக்ஸ், அதை ஏத்திக் குடுங்க.”

“அதெல்லாம் உங்களுக்குப் பழகாதும்மா. ஒரே வாரத்துல திரும்பி வருவீங்க, பாருங்க.”

“பிரெஞ்சே நாப்பது வயசுலதான் தம்பி படிச்சேன். பழகுறது என் பாடு. நீங்க ஏத்துங்க.”

ஏற்றிக் கொடுத்தேன். நான் சொன்னபடியே ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்.

“புது மெஷினே வாங்கிடலாமாம்மா?” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

அவர் பையிலிருந்து இன்னும் இரண்டு பழைய மடிக்கணினிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

“பக்கத்து வீட்டுக்காரங்களோடது. அவங்களையும் புதுசு வாங்கச் சொன்னாங்களாம். இதுகளுக்கும் லினக்ஸையே போடுங்க.”

மூன்று புது மடிக்கணினிகளை விற்கும் வாய்ப்பு என் கையைவிட்டுப் போயிற்று. அவர்மீது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ, எழுந்து நிற்கத்தான் தோன்றியது.