பாலத்தில் சுழன்ற அம்பு

நெல்லித்தோப்பில் நான் வேலை பார்க்கும் சிறிய அலுவலகத்தில், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்காக முப்பரிமாண வரைபடச் செயலி ஒன்றைச் செய்தோம். வண்டி திரும்பும் பக்கம் திரையில் உள்ள அம்பும் திரும்ப வேண்டும். அரியாங்குப்பத்து ஓட்டுநர் ஒருவர் மட்டும் அடிக்கடி போன் செய்தார்.

"டவுனுக்கு வர்றப்போ பாலத்துல அம்பு பம்பரமா சுத்துதுங்க. வழியே தெரியல."

எங்கள் கணினிகளில் எல்லாம் சரியாக இருந்தது. அவர் போனில்தான் கோளாறு என்று முடிவு செய்தோம். உடன் வேலை பார்க்கும் ஸ்டெல்லா மட்டும் ஒப்பவில்லை.

"நோயாளிய வெச்சிக்கினு ஓட்டுறவரு எதுக்குப் பொய் சொல்லப்போறாரு? வா, போய்ப் பாக்கலாம்."

அவள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் போனைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். பாலத்தில் அம்பு நிஜமாகவே சுழன்றது! அங்கே சாலை நேர் வடக்கே போகிறது. வடக்கு என்பது கணக்கில் பூஜ்ஜியம் டிகிரி, முந்நூற்று அறுபதும் அதுவே. வண்டி லேசாக அசைந்து, கணக்கு முந்நூற்று ஐம்பத்தொன்பதிலிருந்து ஒன்றுக்கு மாறினாலும், அம்பு நேரே தாண்டாமல் பின்னோக்கி ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கிறது.

ஸ்டெல்லா அந்தக் கணக்கைத் திருத்தினாள். வரைபடத்தைச் சாய்த்தால் மறுபடி சுழன்றது. சலிக்காமல் மீண்டும் மீண்டும் பாலத்துக்குப் போனாள். ஒருநாள் அம்பு அசையாமல் நின்றது.

உடனே ஓட்டுநரை அழைத்தாள்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. தப்பு எங்களோடது. மன்னிச்சிடுங்க."

"பரவால்லம்மா, நம்புனீங்களே, அது போதும்" என்றார்.

நானாக இருந்தால் 'புது வெர்ஷன் போட்டுக்கோங்க' என்று மட்டும் சொல்லியிருப்பேன். ஸ்டெல்லா பேசிய அந்த மூன்று வாக்கியங்களைத்தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.