நான் தடுத்து வைத்த இலக்கம்

தெரியாதவர்கள் கைபேசிக்கு அனுப்பும் எதையும் நம்பக்கூடாது என்பதில் நான் கடும் பிடிவாதக்காரி. ‘உங்கட தங்கச்சியின்ர படம் என்னட்ட இருக்கு. இந்த லிங்கைத் திறந்து பாருங்கோ’ என்று புது இலக்கமொன்றிலிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தங்கச்சி வாணி போரின் கடைசி மாதங்களில் செல் குண்டு விழுந்து இறந்தவள். இடம்பெயர்ந்த வழியில் அவளுடைய படங்களும் தொலைந்துவிட்டன. செத்தவளின் பெயரைச் சொல்லியுமா ஏமாற்றுவார்கள்? உடனே அந்த இலக்கத்தைத் தடுத்தேன். அதுவும் போதாமல், ‘இது கள்ள நம்பர், கவனம்’ என்று ஸ்கந்தபுரம் ஊர்க் குழுவிலும் போட்டுவிட்டேன்.

மறுநாள் பூவரசங்குளத்திலிருந்து மச்சாள் அழைத்தாள்.

“என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? அந்த நம்பர்க்காரர் முல்லைத்தீவில ஸ்டூடியோ வைச்சிருந்தவர். மிஞ்சின நெகட்டிவ் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி, உரிய ஆக்களுக்குச் சும்மா அனுப்பிறார். வாணியின்ர படத்தைக் கண்டு நான்தான் உன்ர நம்பரைக் குடுத்தனான். உனக்குச் சொல்ல மறந்துபோனன்.”

வெட்கத்தோடு தடையை நீக்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குழுவிலும் என் பிழையை எழுதினேன். படத்தை அழித்துவிட்டாரோ என்று தவித்துப்போனேன்.

கடைசியில் பதில் வந்தது: ‘பரவாயில்லை, பிள்ளை. ஆரெண்டு சொல்லாமல் அனுப்பினது என்ர பிழை. இப்ப பாருங்கோ.’

திறந்தேன். பாடசாலைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு வாணி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கன்னத்தில் குழி விழும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

அம்மாவிடம் கைபேசியைக் கொடுத்தேன். “ஓம், இவள்தான், இவள்தான்” என்று திரையைத் தடவினார். அந்த முகம் இனி எங்களை விட்டுப் போகாது என்ற நிம்மதியில் நானும் அழுதேன்.