ஹெலன் அக்கா மிதித்து வென்ற ஆட்டம்

புதிதாக அறிவித்திருந்த கேம் கன்சோல் அழகா அசிங்கமா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில்தான் முத்துவின் செய்தி வந்தது: "ஹெலன் அக்கா போயிட்டாவ." அந்தக் கன்சோலை இட்லிக் கொப்பரை என்று கேலி செய்திருந்தவர் தன் வரியை அழித்துவிட்டார். அக்கா இருந்திருந்தால் அழிக்க விட்டிருக்க மாட்டார்.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் தெரியும். புதிய கேமோ கன்சோலோ அறிவிக்கப்பட்டால் அந்த வீடியோவை யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் முத்துவின் செல்போன் கடைப் பின்னறையில் கூடி, ஒன்றாகப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். சட்டம் போட்டவர் அக்கா. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசர். நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான், இந்த வயதில் கேம் ஆடுவதை வெளியே சொல்லக் கூசியபோது, "சீரியல் பாக்கிறவ கூசுதாளா? நீ எதுக்கு ஏட்டி கூசுத?" என்று கேட்டு அங்கே அழைத்துப் போனவரும் அவர்தான்.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு அக்காவின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. கன்ட்ரோலருக்கு இரண்டு கையும் வேண்டும். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தார். நாங்கள் படத்தின் துல்லியம் பற்றி அடித்துக்கொள்ளும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்பார்: "இதை ஒத்தக் கையால ஆட முடியுமா?" முடியாது என்போம். அவருக்கு உயிரான வாள்சண்டை கேமின் அடுத்த பாகம் அறிவிக்கப்பட்ட அன்றும் அதே பதில்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, வேறொரு கன்சோலின் வீடியோ. எங்களில் தோற்றே அறியாத வத்திராயிருப்பு கருப்பசாமி, "புதுசா ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

"முத்து, வீடியோவச் செத்த பின்னால தள்ளு" என்றார் அக்கா.

கடைசியில் கண்ணிமைக்கும் நேரம் வந்துபோன காட்சி அது. கன்ட்ரோலரோடு காலால் மிதிக்கும் பெடலை இணைக்கலாம். எந்த பட்டனின் வேலையையும் அதற்கு மாற்றலாம். அம்புட்டுப் பேரும் அதைத் தவறவிட்டிருந்தோம்.

"மிதிச்சுத்தானலே அத்தனை வருசமும் கவர் ஒட்டுனேன்" என்றார். சூப்பர்வைசர் ஆகும்வரை பேக்கிங் பிரிவில் அவர் ஓட்டிய, பேண்டேஜ் கவருக்குச் சீல் வைக்கும் மெஷின் காலால் மிதிப்பது.

கன்சோல் கைக்கு வந்ததும் கருப்பசாமியைத்தான் வாள்சண்டைக்கு அழைத்தார். "ஒத்தக் கைன்னு விட்டுக் குடுத்தே, பொறவு ஒங்கிட்ட பேசமாட்டேன்."

கருப்பசாமி விட்டுக் கொடுக்கவில்லை. முதல் சில ஆட்டங்களில் அக்காவை அடித்து நொறுக்கினார். பிறகு அக்காவின் கால் சீல் மெஷினின் தாளத்தைப் பிடித்தது. மிதி, விடு, மிதி. கருப்பசாமியின் வீரன் மண்ணில் விழுந்தான்.

"காலாலயே சாச்சிட்டியளே, எக்கா."

"கை நல்லா இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் விழுந்திருப்ப."

கல்லறைத் தோட்டத்தில், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கருப்பசாமியிடம் பாதிரியார் கேட்டார். கருப்பசாமி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "என்னைத் தோக்கடிச்சவிய, ஃபாதர்."

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது ஒரு பிடிவாதம். முடியாது என்று கேட்ட பிறகும், அடுத்த ஞாயிறு முதல் வரிசையில் போய் உட்காருவது.