சின்னம்மாவின் ரத்தம்

என் அம்மாவுக்குக் குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவரிடம் ‘குடல் புண்’ என்றே சொல்லி வைத்திருந்தோம். நோயின் மிச்சம் உடம்பில் இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்க்கும் மரபணுப் பரிசோதனையை டாக்டர் எழுதிக் கொடுத்தபோதும், “சுகர் டெஸ்ட்டும்மா” என்றேன்.

எனக்கு வேலை சிதம்பரத்தில். கடலூர் வீட்டில் அம்மாவுக்குத் துணை அவருடைய தங்கை, என் சின்னம்மா. ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார். சில வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. ஆபரேஷனில் எடுத்த கட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இந்த ரத்தம் வேறு ஆளுடையதாம்.

ரத்தம் பிடித்த குழாயை மாற்றிவிட்டுக் கதை சொல்கிறார்கள் என்று போனிலேயே சண்டை போட்டேன். மறுபடி எடுக்க வந்த அன்று லீவு போட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். “போன தடவ ரத்தம் குடுத்த அம்மா எங்க?” என்றார்.

சமையலறையில் இருந்த சின்னம்மா வெளியே வரவே இல்லை.

“மொத நாளு பலாப்பழம் தின்னுட்டேன். சுகர் ஜாஸ்தியா இருந்தா நீ திட்டுவன்னு அவள குடுக்கச் சொன்னேன்” என்றார் அம்மா.

அங்கேயே உண்மையைச் சொன்னேன். அம்மா கையை நீட்டினார். அந்த ரத்தத்தில் நோயின் தடயம் இருந்தது. இப்போது கீமோ நடக்கிறது.

எந்தப் பரிசோதனை என்றாலும் இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். பிறகு ஊசியோடு நிற்பவரிடம் திரும்பி, “இவ சொல்றது நெசமா?” என்று விசாரிக்கிறார்.