அவருக்குப் போட்ட இலை

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடங்களில், மலாக்காவில் காஜா பெராங் பக்கம் ஒரு சிறிய கிளினிக்கில் எனக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் கொடுத்திருந்தார்கள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் நோவு தீராமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. இன்று அதற்குக் கவுன்சலிங் என்று பெயர். அன்று என்னைப் ‘பேசுற மிஸி’ என்றார்கள். நர்ஸ் மாதிரி யாராக இருந்தாலும் இங்கே மிஸிதான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்று மாதப் பயிற்சியை முடித்துவிட்டு, யார் மனதில் என்ன முடிச்சு இருந்தாலும் பத்து நிமிடத்தில் அவிழ்த்துவிடுவேன் என்ற தலைக்கனத்தோடு திரிந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் என்னைக் கிண்டல் செய்வார். “வந்தவங்க மூச்சு வாங்குறதுக்குள்ள நீங்க புத்தி சொல்லி முடிச்சிடுறீங்க, மிஸி.” அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மார்கழிக் கடைசியில் அந்த அக்கா வந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் மண்ணோடு கலந்துவிட்ட தமிழர்கள். நாற்பது வயது இருக்கும். மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங் கைலி, நெற்றியில் திருநீறு. அவர்கள் நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள். வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். நாங்கள் பேசியதும் அதில்தான். தமிழாக்கி எழுதுகிறேன்.

வருடா வருடம் இந்த நாட்களில் தலைவலி மண்டையைப் பிளக்கிறது, சோறு இறங்குவதில்லை என்றார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். மாமியார் மகனுக்கும் ஓர் இலை போடச் சொல்வார். செத்தார் என்று யார் பார்த்தது, போடமாட்டேன் என்று இவர் மறிப்பார். கொழுந்தன்மாரும் சேர்ந்துகொள்ள, வீடே இரண்டுபடும். பதின்மூன்று வருடங்களாக இதே சண்டை.

எனக்கு முடிச்சு தெரிந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் இறந்ததை நீங்கள் ஒப்புக்கொள்ளாததுதான் தலைவலியாக வருகிறது, இந்த வருடம் உங்கள் கையாலேயே இலை போடுங்கள், மனம் ஆறும் என்றேன். அக்கா நடுவில் பேச வாயெடுத்தார். “அந்தச் சண்டை இருக்கே மிஸி...” என்று தொடங்கினார். சண்டையை விடுங்கள் அக்கா என்று நான் என் பேச்சைத் தொடர்ந்தேன். அவர் இன்னொரு முறை முயன்றார். அப்போதும் நான் விடவில்லை. கடைசியில் கையைப் பார்த்தபடி, படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுந்து போனார். நல்ல முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

பொங்கலுக்குப் பிறகு அவர் வரவில்லை. குணமானவர் எதற்கு வரப்போகிறார் என்று டாக்டரிடமே பெருமையடித்தேன்.

மாசியில் ஒரு நாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். தலைவலி எப்படி என்று கேட்டேன். போய்விட்டது என்றார். இலை போட்டீர்களா என்றேன். போட்டாராம். கணவருக்குப் பிடித்த இறால் சம்பலும் வைத்தாராம். மாமியார் இவரைக் கட்டிக்கொண்டு அழுதாராம். நான் முகமெல்லாம் சிரிப்பாக நின்றேன். அப்போதுதான் அவர், கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

“இப்ப வீட்ல சண்டை இல்ல மிஸி. வருஷத்துக்கு ஒருவாட்டி அந்தச் சண்டையிலதான் எல்லாரும் அவர் பேரச் சொல்வாங்க. அவர் இப்படி, அவர் அப்படின்னு விடியவிடியப் பேசுவாங்க. இப்ப இலை போட்டாச்சு. பேச ஒண்ணும் இல்லாமப் போச்சு.”

இதைத்தான் அன்று என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டு முறை சொல்ல வந்திருக்கிறார். அவரைத் தடுத்தது நான். தலைவலியோடு வந்த மனுஷியிடமிருந்து புருஷனைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எதையோ உளறினேன். அவர் தலையாட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் ஓடி, அவர் பெயர் என்ன அக்கா, எப்படி இருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்த மனிதரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.