மனம் நோகாத பிலாட்டிஸ் வகுப்பு

என் தம்பி மனைவியின் பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'வாங்கக்கா' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், யார் எவர் என்று பார்க்காமல் "வாங்க வாங்க வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிடுவாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை ஒருநாள் பாயில் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த ஆளும் படுத்துத் தூக்கினாரே, அவரைச் சொல்ல வேண்டும்.

பெயிண்ட் கடைக்கு மேலே நீளமான ஒரு கூடம். அதுதான் அவளுடைய பிலாட்டிஸ் உடற்பயிற்சி நிலையம். வரிசையாகப் பாய்கள், வழுக்காத காலுறைகள் தொங்கும் ஒரு கொடி, ஸ்பிரிங் மாட்டி முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு கட்டில். வாசலில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் நான். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க அந்த முகத்தைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் தம்பி கூப்பிட்டதும் வந்துவிட்டேன்.

அவள் படிக்காதவள் இல்லை. எந்தத் தசை எந்த எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். "தப்பு" என்ற ஒரு சொல்தான் அவள் வாயில் வராது. காலைத் தூக்கச் சொன்னால் கையைத் தூக்குகிறவளுக்கும் "அருமை!" வயிற்றை உள்ளிழுக்கச் சொன்ன நேரத்தில் மருமகளை வறுத்தெடுக்கிறவளுக்கும் "அருமை!" கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்துத்தான் தொடங்கினாள். பேக்கரிக்காரம்மா அதில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் அழுதாள். அழுதது ஒருத்தி. மறுநாளே கண்ணாடி மொத்தத்துக்கும் திரை தைத்துப் போட்டுவிட்டாள் இவள்.

"நம்ம இடத்துக்கு வந்துட்டு யாரும் மனசு நொந்து போகக்கூடாது அண்ணி" என்றாள்.

"அப்போ எப்படி நிக்கிறோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் இருக்கேன்ல அண்ணி."

இருந்தாளே, மகராசி! பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால் நோகும் என்று மூடியே வைக்கச் சொன்ன கதைதான். ஒருத்திக்கும் இடுப்பு ஓர் அங்குலம் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. படுத்தபடியே பாராட்டு வாங்கலாம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்!

அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே உடம்பை வளைக்க வந்தவர் ஒரே ஒருவர். பஸ் டிரைவர். முதுகில் ஆபரேஷன் ஆனவர். மறுபடி வண்டியைத் தொட வேண்டுமென்றால் டிப்போ மருத்துவர் முன்னால் ஒரு சோதனை. இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திரும்பி, முதுகுக்குப் பின்னால் பிடித்திருக்கும் அட்டையைப் படிக்க வேண்டும். அதற்கு ஆறு மாதத் தவணை. படித்தால் வண்டி, இல்லையென்றால் வீடு.

"எனக்கு ஓட்டத்தான் தெரியும்மா. வேற ஒரு மண்ணும் தெரியாது" என்று என் மேஜையருகே நின்று சொன்னார்.

மற்றவர்கள் அரட்டை அடிக்கும்போது அவர் வேர்க்க விறுவிறுக்கச் செய்துகொண்டிருப்பார். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து உடம்பைத் திருப்புகிற பயிற்சி. ஒவ்வொரு முறையும் "சரியா டீச்சர்?" என்று கேட்பார். "அருமை சார்!" என்பாள். அந்த மனிதர் முகம் மலர்ந்துவிடும். எனக்கே நம்பிக்கை வந்திருந்தது.

சோதனை அன்று, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சீருடையோடு படியேறி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே நான் எழுந்துவிட்டேன். என் நாற்காலியைக் கேட்டு வாங்கினார். கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்து, பயிற்சிப் பட்டை ஒன்றை எடுத்து இடுப்பையும் தொடையையும் நாற்காலியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"டீச்சர், பாருங்க."

திரும்பினார். கழுத்து திரும்பியது, நரம்பு புடைத்தது. தோள் இம்மிகூட அசையவில்லை. அட்டையையா படிப்பது? பக்கத்து ஜன்னலைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை.

"பாயில பண்ணும்போது எனக்கு முதுகு திரும்பவே இல்லையாம். இடுப்போட சேர்ந்து மொத்த உடம்பும் சுத்தியிருக்கு. டாக்டர் பாத்த உடனே சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இவளுக்குப் பொய்யும் சொல்லத் தெரியாது. "தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"முதல் வாரத்துலேருந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சீங்க சார். சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு... போகப்போகச் சரியாயிடும்னு நெனச்சேன்."

"என் வருத்தத்த நான் பட்டுக்க மாட்டேனா? உடம்பத் திருத்துங்கன்னுதானேம்மா உங்ககிட்ட வந்தேன்!"

கத்தவில்லை அவர். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பட்டையை அவிழ்த்துச் சுருட்டி என் மேஜையில் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. வகுப்பு மொத்தமும் எழுந்து ஓடியது, அவருக்குப் பின்னால் இல்லை, இவளிடம்! பேக்கரிக்காரம்மா தன் துண்டால் இவள் முகத்தைத் துடைத்தாள். "உங்க நல்ல மனசு அந்தாளுக்குப் புரியல டீச்சர்" என்றாள் ஒருத்தி. "என்ன பேச்சு பேசிட்டுப் போறாரு!" என்றாள் இன்னொருத்தி. வேலை போனது அவருக்கு, தண்ணீர் கொடுத்தது இவளுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தனை பேரையும் பாயோடு சுருட்டி வெளியே போட்டிருப்பேன்.

எல்லோரும் போனபிறகு என் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"நான் கெட்டவளா அண்ணி?"

இல்லை என்று சொல்லிவிடு என்று அந்த முகம் கெஞ்சியது.

"நீயா? நீ ரொம்ப நல்லவ. ஒரே ஒரு நாள் கெட்டவளா இருந்திருந்தா அந்த மனுஷன் இப்ப வண்டி ஓட்டிக்கிட்டிருப்பாரு."