தலைமறைவான காஜா

பிப்ரவரி 5: 11 அழைப்புகள்.
பிப்ரவரி 6: 14.
ஏப்ரல் 5 வரை மொத்தம்: 623.
ஏப்ரல் 6 முதல் ஜூலை 31 வரை: 1,208.

எங்கள் மாடியில் சட்டை தைக்கும் அம்மாளின் போனை அரசு ஒட்டுக்கேட்ட கணக்கு இது. அவர் மனுப்போட்டு வாங்கிய ஏழு தாள் நகலிலிருந்து எடுத்தேன். ஓர் ஆணைக்குச் சட்டம் அறுபது நாள்தான் தருகிறது. அது ஏப்ரல் ஐந்தோடு தீர்ந்தது. மிச்சம் நூற்றுப் பதினேழு நாளும் ஆணையே இல்லாமல் கேட்டிருக்கிறார்கள். ஊரார் பேச்சையெல்லாம் எழுதி வைக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் தாளில் தேதி போடத் தெரியவில்லை.

பதினெட்டு வருடமாக அம்மாளுக்கு ஒரே தையல் மெஷின். அதில் மிதித்துத்தான் மகளைப் படிக்கவைத்து வெளிநாட்டில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. மகளுக்கு ஆகஸ்டில் பிரசவம், துணைக்கு ஆளில்லை. ஜூன் 9 அன்று அம்மாள் பாஸ்போர்ட் கேட்டார். ஜூலை 2 அன்று, ‘பாதுகாப்புக் காரணம்’ என்று மறுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6 அன்று விசாரணை. நானும் கூடப் போனேன். மின்விசிறி சுற்றாத அறை. அதிகாரி கோப்பைப் பிரித்தார்.

"காஜா எங்கேம்மா?"

"எந்தக் காஜா சார்?"

"‘காஜா இன்னும் முடியல, ஏழு காஜா பாக்கி’ன்னு உங்க நாத்தனார்கிட்ட பேசியிருக்கீங்க. யாரு அந்த ஏழு பேரு?"

அம்மாள் எழுந்து அவர் சட்டையைச் சுட்டிக்காட்டினார்.

"இதோ, உங்க நெஞ்சு மேலயே வரிசையா நிக்கறாங்களே! பொத்தான் நுழையற ஓட்டைக்குப் பேருதான் சார் காஜா. நாத்தனார்தான் எனக்குக் காஜா போட்டுத் தருவா."

ஓரத்திலிருந்த குமாஸ்தா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அது சங்கேதமா இருக்கலாம்."

"அப்போ உங்க சட்டையையும் பிடிச்சு உள்ள போடுங்க. சார், எம்பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு."

"மேலிடத்துக்கு எழுதறோம்மா."

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தோரு அழைப்புகளைக் கேட்ட காதுகளில் நூல், ஊசி, பொத்தான் எதுவும் விழவில்லை. காஜா என்ற பெயர் மட்டும் விழுந்தது. அந்தப் பெயர் வைத்த பாவத்துக்கு நாலு பேரை அழைத்து விசாரித்த குறிப்பு ஐந்தாம் தாளில் இருக்கிறது. ஒருவர் பால்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியர், இருவர் வேலை தேடுகிறவர்கள். ஒரு தையல்காரரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 21 அன்று பெண் குழந்தை பிறந்தது. மகள் தனியாகத்தான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தையின் அழுகையை அம்மாள் போனில்தான் கேட்டார். கூட வேறு யார் கேட்டார்களோ!

பிறகு மேலிடத்தின் பதில் வந்தது. இரண்டே வரி. ‘தங்களுக்குப் பாஸ்போர்ட் வழங்க ஆட்சேபணை இல்லை. காஜா என்பவர் தொடர்ந்து தேடப்பட்டு வருகிறார்.’

வந்து சேர்ந்த நாள்: செப்டம்பர் 11.